கடைமடைக்கு எழுதி வைத்த பங்கு

இணையத்தில் யாருடைய பேச்சு முதலில் கண்ணில் பட வேண்டும் என்பதை ஒரு கணக்கு முடிவு செய்கிறது. அந்தக் கணக்கில் காரைக்கால் எங்கே இருக்கிறது?

இணையத்துக்கு முன்னால் தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம். காரைக்காலுக்கு ஆண்டுக்கு 7 டிஎம்சி தண்ணீர். காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரியில் தந்த இறுதித் தீர்ப்பில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் பெயருக்கு நேரே எழுதிய எண் அது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 419-லிருந்து 404.25 டிஎம்சியாகக் குறைத்து, கர்நாடகத்தின் பங்கைக் கூட்டியபோதும் இந்த 7-ஐத் தொடவில்லை. நடுவர் மன்றம் கணக்கிட்ட மொத்தம் 740 டிஎம்சி. அதில் இது ஒரு சதவீதம்கூட இல்லை.

அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு, நாட்டாறு, திருமலைராயனாறு எல்லாம் கடலைத் தொடுவதற்கு முன்னால் கடைசியாக நனைக்கும் வயல்கள் இங்கேதான் இருக்கின்றன. மேட்டூரில் திறந்த தண்ணீர் இங்கே வருவதற்குள் எத்தனை தலைப்பு, எத்தனை மதகு தாண்ட வேண்டும்! தானாக வந்து சேரும் என்று கடைமடை விவசாயி யாரும் நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. எழுதி வாங்கிய எண் கையில் இருப்பதால்தான் கேட்க முடிகிறது. வராத ஆண்டில் வரவில்லை என்று சொல்லவும் அந்த எண் வேண்டியிருக்கிறது.

பேச்சுக்கும் இன்று ஒரு கடைமடை உண்டு. கைப்பேசியில் விரலால் தள்ளத் தள்ள வரும் பட்டியலில் தலைமடையில் இருப்பவை கொழிக்கின்றன. கீழே இருப்பவை காய்கின்றன. எது மேலே, எது கீழே என்பதை வகுக்கும் விதியில் கடைமடைக்கென்று எண் எதையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

2011 கணக்கெடுப்பின்படி காரைக்கால் மாவட்டத்தின் மக்கள்தொகை 2,00,222. சென்னை மாநகரில் அப்போதே 46 லட்சத்துக்கும் மேல். பட்டினச்சேரியிலிருந்தோ கிளிஞ்சல்மேட்டிலிருந்தோ ஒருவர் படகு திரும்பவில்லை என்று எழுதுகிறார் என்று வையுங்கள். ஊரே திரண்டு விருப்பக்குறி இட்டாலும், சென்னையில் ஒரு திரைப்பட முன்னோட்டத்துக்கு அரை மணி நேரத்தில் விழும் குறிகளுக்கு அது ஈடாகாது. மொத்த எண்ணிக்கையை வைத்து அடுக்கும் எந்தப் பட்டியலிலும் சின்ன ஊர் தோற்றுப்போகும். அந்த ஊர் சொன்னது எவ்வளவு முக்கியம் என்ற கேள்வி அந்த அடுக்கில் எழவே எழாது. செய்தியைப் பார்த்த நூறு பேரில் எத்தனை பேர் அதை முக்கியம் என்றார்கள் என்று விகிதமாகக் கணக்கிட்டால் நிலைமை மாறும். ஒரே ஒரு வகுத்தல்தான். அந்த வகுத்தலைச் செய்வதா வேண்டாமா என்பதை எங்கோ ஓர் அலுவலகத்தில் சிலர் முடிவு செய்கிறார்கள்.

மேலே இருப்பதே மேலும் பார்க்கப்படும் என்பதற்குச் சான்றுகள் நிறைய. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேடுபொறி முடிவுகளை மாணவர்களுக்குத் தெரியாமல் தலைகீழாக அடுக்கிக் காட்டினார்கள். பொருத்தம் குறைந்தது உச்சியில் நின்றபோதும் மாணவர்களின் சாய்வு உச்சியை நோக்கியே இருந்தது. மேலே வைத்திருக்கிறார்களே, காரணம் இருக்கும் என்று நாமும்தான் நம்புகிறோம்.

தமிழ்மணம் கண்ட பாடுகள்

இதைத் தமிழர்கள் வெளியிலிருந்து கற்க வேண்டிய தேவை இருக்கவில்லை. காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டியில் ஏறத்தாழ எல்லாச் சிக்கல்களையும் நாமே பட்டுப் பார்த்துவிட்டோம். சமூக வலைத்தளங்கள் தமிழ்நாட்டுக்குள் பரவலாகப் புகுவதற்கு முன்பே, ‘எந்த இடுகை முகப்பில் நிற்க வேண்டும்’ என்று தமிழில் கடுமையாகச் சண்டை போட்டுக்கொண்டவர்கள் நாம். அந்தச் சண்டைகளை வெறும் வலைப்பதிவர் பூசல் என்று ஒதுக்கிவிட்டது நம் பிழை என்றே நினைக்கிறேன். பொதுவெளியை எப்படி அடுக்குவது என்பது பற்றித் தமிழில் நடந்த ஆழமான விவாதங்களில் அதுவும் ஒன்று.

உலகெங்கும் தமிழில் எழுதியவர்களின் இடுகைகளை அந்தத் திரட்டி ஒரே பக்கத்தில் சேர்த்தது. முதல் பட்டியல் எளியது. புதிதாக வந்தது மேலே, பழையது கீழே. யாருக்கும் சலுகை இல்லை என்பதால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் எழுதுவோர் பெருகியபோது ஓர் இடுகை முகப்பில் நிற்கும் நேரம் சுருங்கியது. இந்தியா தூங்கும் வேளையில் எழுதி ஏற்றியவரின் இடுகை, இந்தியா விழிப்பதற்குள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். கால வரிசை நடுநிலையானது என்ற எண்ணம் அங்கேயே உடைந்தது. எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில் எழுதக்கூடியவருக்கும், அடிக்கடி எழுதக்கூடியவருக்கும் அது சாதகம் செய்தது.

அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகளுக்கு இன்னொரு பட்டியல் இருந்தது. உரையாடல் நடக்கும் இடம் தெரியட்டும் என்ற நல்ல நோக்கம். புதிய மறுமொழி ஒன்று விழுந்தால் இடுகை மறுபடி மேலே ஏறும். விளைவு என்ன? வந்த ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் தனித்தனியே நன்றி சொல்லி, எழுதியவரே தம் இடுகையை மேலே தள்ளிக்கொண்டார். பதிவர்கள் இதற்குப் ‘பின்னூட்டக் கயமை’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். நண்பர்கள் கூடி ஓரிடத்தில் மறுமொழிகளைக் குவிப்பது ‘கும்மி’. அடிதடி நடக்கும் இடுகை நாள் முழுக்க முகப்பில் நிற்க, நிதானமாக எழுதிய நெல் சாகுபடி இடுகை ஒன்றிரண்டு மறுமொழியோடு மறையும். ஓர் இடுகையின் மறுமொழிகள் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் அந்தப் பட்டியலில் அதைக் காட்டுவதில்லை என்று நிர்வாகிகள் விதி கொண்டுவர வேண்டியதாயிற்று. அதையும் எதிர்த்து எழுதினார்கள், ஆதரித்தும் எழுதினார்கள். விதி என்ன என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதிகம் சொடுக்கப்பட்டவை ‘சூடான இடுகைகள்’ பட்டியலுக்குப் போயின. தலைப்புகள் சூடாகின. வாக்குப்பட்டை வந்தது. இடுகையின் அடியில் ஓட்டுப் போடச் சொல்லும் வேண்டுகோளும் கூடவே வந்தது. பின்னால் தமிழிஷ் என்று தொடங்கி இன்ட்லி என்று பெயர் மாறிய தளம் வாக்கையே முதன்மையாக வைத்தது. நண்பர் வட்டம் பெரிதாக இருந்தவருக்கு அங்கே வசதி.

இத்தனைக்கும் நடுவே தமிழ்மணம் செய்த ஒரு காரியம் பெரிதாகப் பேசப்படவில்லை. வாரம் ஒரு பதிவரை ‘நட்சத்திரம்’ ஆக்கி, அவருடைய இடுகைகளை ஒரு வாரம் முகப்பில் வைத்தார்கள். வாக்கும் சொடுக்கும் கும்மியும் அந்த இடத்தை அசைக்க முடியாது. ஒருவர் முறை முடிந்தால் அடுத்தவர் முறை. அதிகம் படிக்கப்படாத எத்தனையோ பேரைத் தமிழ் வாசகர்கள் அந்த வாரங்களில்தான் கண்டுபிடித்தார்கள். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது போன்ற அந்த ஏற்பாடு, பின்னால் வந்த சிக்கலான சூத்திரங்கள் பலவற்றையும்விட நியாயத்துக்கு நெருக்கமாக இருந்தது.

தலையெழுத்தை எழுதும் முதல் குறி

மக்கள் விரும்பியதுதானே மேலே வருகிறது, அதில் என்ன அநியாயம் என்று கேட்பவர்கள் உண்டு. 2006-இல் சயன்ஸ் இதழில் மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வு அந்தக் கேள்விக்கு நேராக விடை சொல்கிறது. அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்தார்கள். 14,341 பேர் கேட்டார்கள். சிலருக்கு மற்றவர்கள் எதை இறக்கிக்கொண்டார்கள் என்ற விவரம் காட்டப்படவில்லை. மீதிப் பேரை ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டு உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தின் எண்ணிக்கையை மட்டும் காட்டினார்கள். ‘லாக்டவுன்’ என்ற பாட்டு, எண்ணிக்கை தெரியாதவர்களின் தீர்ப்பில் 26-ஆம் இடம். ஓர் உலகத்தில் அதே பாட்டு முதலிடம். இன்னோர் உலகத்தில் 40-ஆம் இடம். மிக நல்ல பாட்டு அநேகமாக எங்கும் அடிமட்டத்துக்குப் போகவில்லை, மிக மோசமானது உச்சிக்கு வரவில்லை. நடுவில் இருந்தவற்றின் கதி, முதலில் வந்த சிலரின் கையில் இருந்தது.

2013-இல் அதே இதழில் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் உறுத்துகிறது. லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் ஆகியோர் ஒரு செய்தித் தளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் சிலவற்றுக்கு எழுதிய உடனேயே குருட்டாம்போக்கில் ஒரு மேல்வாக்கு இட்டார்கள். அடுத்து வந்தவர் தாமும் மேல்வாக்கு இடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்து நின்றது. இப்படி இட்ட கீழ்வாக்கைக் கூட்டம் திருத்திவிட்டது. பொய்யான பாராட்டைத் திருத்தவில்லை.

ஆக, வாக்கை எண்ணி அடுக்குவது நடுநிலை அல்ல. முதலில் வந்தவருக்கும் கூட்டம் உள்ளவருக்கும் கொடுக்கும் மானியம் அது. இதை உணர்ந்துதான் ரெடிட், ஹேக்கர் நியூஸ் போன்ற தளங்கள் காலத்தையும் கணக்கில் சேர்த்தன. ஹேக்கர் நியூஸின் வெளியான பழைய சூத்திரம் இப்படிப் போகும்: வாக்கில் ஒன்றைக் கழித்து, பதிவின் வயதை மணியில் எடுத்து இரண்டைக் கூட்டி, அதை 1.8 அடுக்குக்கு உயர்த்தி வகுக்க வேண்டும். போட்டுப் பார்த்தால், ஒரு நாள் முழுதும் கழித்த 101 வாக்குப் பதிவைவிட, ஒரு மணி நேரத்துக்கு முன் வந்து 4 வாக்கு மட்டும் பெற்ற பதிவு மேலே நிற்கும். ரெடிட்டின் பழைய சூத்திரத்தில் முதல் 10 வாக்குக்கு உள்ள எடை அடுத்த 90 வாக்குக்கும், அதற்கு அடுத்த 900 வாக்குக்கும் சமம். பன்னிரண்டரை மணி நேரம் முந்திய பதிவு, புதிய பதிவோடு சமமாக நிற்கப் பத்து மடங்கு வாக்கு பெற்றாக வேண்டும். தலைமடை நிரம்பியதும் மதகை இறக்குகிற வேலையைக் காலம் செய்கிறது.

ஒரே கணக்கின் இரண்டு முனைகள்

முன்பு சொன்ன விகிதச் சராசரியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்று பேர் பார்த்து மூவரும் நன்று என்ற பதிவு ஒன்று. நூறு பேர் பார்த்து 90 பேர் நன்று என்ற பதிவு இன்னொன்று. சராசரிப்படி முதலாவது 100, இரண்டாவது 90. மூன்று பேரை நம்பி மேலே வைப்பதா? எட்வின் வில்சன் 1927-இல் தந்த புள்ளியியல் முறை, சில பேரின் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம் என்று ஒரு வரம்பு போட்டுத் தருகிறது. 95 சதவீத உறுதியோடு பார்த்தால் மூன்றுக்கு மூன்று பெற்றதன் உண்மையான மதிப்பு 44 சதவீதம் வரை கீழே இருக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூறு பெற்றதன் கீழ் எல்லை ஏறக்குறைய 83. ரெடிட் 2009-இல் கருத்துகளை அடுக்க இந்தக் கீழ் எல்லையை எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பு முதலில் வந்து எழுதியவரே கடைசிவரை மேலே உட்கார்ந்திருப்பார். பின்னால் வந்த நல்ல கருத்து ஏற இந்தப் புதிய முறை வழி விட்டது.

ஆனால் இதைக் கடைமடையிலிருந்து பாருங்கள். கீழ் எல்லையைப் பிடிப்பது என்றால், பார்த்தவர் குறைவாக உள்ள பதிவைச் சந்தேகத்தோடு நடத்துவது. நூறு பேர் பார்க்கும் வரை நீ கீழே இரு என்கிறது அது. கீழே இருந்தால் நூறு பேர் எப்படிப் பார்ப்பார்கள்?

அதே வரம்பின் மேல் முனையைப் பிடித்தால் கணக்கு தலைகீழாகும். மூன்றுக்கு மூன்று பெற்றது உண்மையிலேயே நூறாக இருக்க வாய்ப்புண்டு, அதை இன்னும் சிலருக்குக் காட்டிப் பார் என்று மேல் முனை சொல்லும். தெரியாததற்குத் தெரியாமையின் அளவுக்கே வாய்ப்புக் கொடுக்கும் இந்தச் சிந்தனையின் வேர், வில்லியம் தாம்ப்சன் 1933-இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. இரண்டு சிகிச்சைகளில் எது மேல் என்று தெரியாத நிலையில் நோயாளிகளை எப்படிப் பிரிப்பது என்பது அவருடைய கேள்வி. பார்க்கப்படாத பதிவுக்கும் அது அப்படியே பொருந்தும். ஒரு பட்டியலின் பத்து இடங்களில் ஓர் இடத்தை, இன்னும் அதிகம் பேர் பார்க்காதவற்றுக்கென்று முறை வைத்து ஒதுக்கலாம். வாசகருக்கு நட்டம் சொற்பம். எழுதியவருக்கு அது உயிர். தளங்களை நடத்துவோர் இந்தக் கணிதத்தை அறியாதவர்கள் அல்லர். எந்த முனையைப் பிடிப்பது என்பது அவர்களுடைய தேர்வு.

ஒவ்வொரு குறிக்கும் என்ன எடை என்பதும் தேர்வுதான். ஃபேஸ்புக் 2017-இல் உணர்ச்சிக் குறிகளுக்கு விருப்பக்குறியைப்போல ஐந்து மடங்கு எடை கொடுத்தது. கோபக் குறிக்கும் அதே எடைதான். மக்களைக் கோபப்படுத்திய பதிவு எளிதாக மேலே ஏறியது. 2020-இல் கோபத்தின் எடையைப் பூஜ்யமாக்கினார்கள். இது வெளியுலகுக்குத் தெரியவந்தது அடுத்த ஆண்டு, நிறுவனத்தின் உள் ஆவணங்கள் கசிந்த பிறகு.

மூன்று பட்டியல்களின் ஊர்

வாக்குக்கு எடை போடுவது காரைக்காலுக்குப் புதிதல்ல. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இந்த ஊரில், பிரெஞ்சிந்தியாவின் மற்ற ஊர்களைப் போலவே 1884 பிப்ரவரி ஆணையின்படி வாக்காளர்கள் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டார்கள். முதல் பட்டியல் ஐரோப்பியருக்கும் அவர்கள் வழிவந்தவருக்கும். இரண்டாவது, 1881 ஆணையின்படி தங்கள் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களுக்கு. மூன்றாவது, மற்ற இந்தியர் அனைவருக்கும். தலைக்கணக்கில் மிகச் சிறியது முதல் பட்டியல். மன்றங்களில் அதற்குக் கிடைத்த இடங்களோ அதன் அளவைப் போலப் பல மடங்கு. 1899-இல் மூன்று பட்டியல் இரண்டானது. பட்டியல் முறை முழுதாக ஒழிய இரண்டாம் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது.

இதை வெறும் வெள்ளையர் சூழ்ச்சி என்று சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனதற்காக 1873-இல் தடுக்கப்பட்டு, வழக்கைப் பாரிஸ் வரை கொண்டுபோய் வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை இரண்டாம் பட்டியல்காரர்களின் தலைவர். பெரும்பான்மையின் பட்டியலில் கரைந்திருந்தால் எழும்பியிருக்காத குரல்கள், ஒடுக்கப்பட்டவர்களின் குரல்கள் உட்பட, அந்தச் சிறு பட்டியலில் இடம் பெற்றன. மூன்றாம் பட்டியலின் பெருந்தலைவராக விளங்கிய சண்முக வேலாயுத முதலியார், சாதி வழக்கத்தைக் காக்கும் பக்கம் நின்றவர்.

ஒரு பட்டியல் வலியவரைக் காத்தது, இன்னொன்று எளியவருக்கு வாய் தந்தது. இரண்டும் தலைக்குத் தலை சமம் என்ற கணக்கிலிருந்து விலகியவையே. எப்படிப் பிரித்தறிவது? எனக்குத் தெரிந்த உரைகல் ஒன்றுதான். கடைசியில் இருப்பவருக்குக் குறையாமல் கிடைக்க வேண்டிய அளவை ஒரு விதி சொன்னால் அது பங்கு. முன்னால் இருப்பவர் இன்னும் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பதைச் சொன்னால் அது சலுகை. புதுச்சேரி சட்டமன்றத்தின் 30 தொகுதிகளில் காரைக்காலுக்கு 5, மாஹேக்கு 1, ஏனாமுக்கு 1. 2011-இல் மாஹேயில் 42 ஆயிரம் பேர்கூட இல்லை. அந்த ஓர் உறுப்பினரை யாரும் அநியாயம் என்பதில்லை.

இணையத்தில் எடை போடும் முறைகளில் எனக்கு நம்பிக்கை தருவது, ட்விட்டர் 2021-இல் தொடங்கி இப்போது எக்ஸ் தளத்தில் உள்ள சமூகக் குறிப்புகளின் கணக்கு. ஒரு திருத்தக் குறிப்புக்கு எத்தனை பேர் ஆதரவு என்று அது பார்ப்பதில்லை. வழக்கமாக ஒருவரோடொருவர் உடன்படாதவர்கள் இருதரப்பிலிருந்தும் பயனுள்ளது என்று சொன்னால்தான் குறிப்பு எல்லோருக்கும் தெரியும். கூட்டம் சேர்த்துக் கும்மியடித்தால் பலிக்காது, ஏனென்றால் கும்மிக்காரர் எல்லோரும் ஒரே பக்கத்தவர். குறை இல்லாமல் இல்லை. எழுதப்படும் குறிப்புகளில் பெரும்பாலானவை கடைசிவரை வெளியே தெரிவதில்லை. தெரிபவையும் பொய் பரவிய பிறகு வந்து சேர்கின்றன. ஆனாலும் சூத்திரமும் தரவும் பொதுவில் இருக்கின்றன. யாரும் சரிபார்க்கலாம்.

நாம் கேட்க வேண்டியதும் அதைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சேவைகள் சட்டம், பதிவுகளை எந்த அளவுகோலால் அடுக்குகிறோம் என்பதைத் தளங்கள் எளிய மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது. மிகப் பெரிய தளங்கள், பயனரின் நடத்தையை வேவு பார்க்காமல் அடுக்கும் ஒரு பட்டியலையும் தந்தாக வேண்டும். இந்தியாவில் இப்படி ஒரு விதி ஏற்கெனவே பொருள்களுக்கு இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகளின்படி, இணையச் சந்தை நடத்தும் நிறுவனம் பொருள்களையும் விற்பவர்களையும் எந்த முக்கிய அளவுகோல்களால் வரிசைப்படுத்துகிறது, எதற்கு எவ்வளவு எடை என்பதைப் புரியும் மொழியில் எல்லோரும் பார்க்கும்படி விளக்க வேண்டும். மிக்சியும் சேலையும் எப்படி அடுக்கப்படுகின்றன என்று கேட்க நமக்குச் சட்டம் இடம் தருகிறது. மீனவர் எழுதிய முறையீடும் கடைமடை விவசாயியின் படமும் எப்படி அடுக்கப்படுகின்றன என்று கேட்க அதே தெளிவுள்ள விதி இல்லை.

மின் வணிக விதியில் உள்ள அந்த வாசகத்தைப் பேச்சுத் தளங்களுக்கும் நீட்டினால் போதும், தொடங்குவதற்கு. அடுத்ததாக, குறைவாகப் பார்க்கப்பட்டவற்றுக்குத் தளம் எத்தனை சதவீத இடத்தை ஒதுக்குகிறது என்பதை ஆண்டுதோறும் ஊர்வாரியாக வெளியிடச் சொல்ல வேண்டும். அந்த எண் சிறியதாகவே இருக்கட்டும், எழுத்தில் இருக்கட்டும். இதைக் கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். அங்கே காரைக்காலுக்குத் தனி உறுப்பினர் கிடையாது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்குக்கும் சேர்த்து மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர். அந்த இருவரிடமும் இந்தக் கோரிக்கையை எடுத்துச் செல்ல வேண்டியவர்கள் இங்குள்ள விவசாயிகள் சங்கங்களும் மீனவப் பஞ்சாயத்துகளும்தான். 7 டிஎம்சிக்காக அலைந்தவர்களுக்கு மனு எழுதத் தெரியும்.